படலையில் திரும்பிய முகம்

எழுத்தில் ஒரு மனிதர் முகம் இல்லாமலே நடமாடலாம். யாரும் கேட்கமாட்டார்கள். என் கதையில் அவருக்கு ஒரு சைக்கிள் இருந்தது, சேறு தெறித்த காற்சட்டை இருந்தது, தாழ்த்திப் பிடித்த கறுப்புக் குடை இருந்தது, சொல்வதற்கு ஒரேயொரு வசனம் இருந்தது. முகம் இருக்கவில்லை. குடையைக் கொடுத்தவன் நான்தான். உண்மையில் அன்று அவர் குடையில்லாமல் நனைந்துகொண்டுதான் வந்தாராம், அக்கா சொல்லியிருக்கிறாள். முகத்தை மூட எனக்கு ஏதாவது வேண்டியிருந்தது.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். மணம் முடிக்கவில்லை. மணம் முடித்து அது நிலைக்காமல் திரும்பி வந்தவன் நான். உடுவிலில் இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். காலையில் அவள் படிப்பிக்கப் போய்விடுவாள். நான் பத்திரிகைக்கு அச்சுப்பிழை ஒப்புநோக்கப் போகும் நேரம்வரை எழுதிக்கொண்டிருப்பேன். எழுதியதை முதலில் வாசிப்பவள் அவள்தான். நல்லாயிருக்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை. நல்லாயில்லாத வரியில் விரலை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள்.

அவளுடைய கதை தொண்ணூற்றைந்து இடப்பெயர்வுக்கு முந்தியது. அப்போது எங்கள் வீடு கொழும்புத்துறையில். கடல்நீரேரிக் காற்று சோற்றிலும் உப்பு வைக்கும் வீடு. தரகர் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்குப் பூர்வீகம் தெல்லிப்பழை. அங்கே இருக்க முடியாமல் நல்லூரில் உறவினர் வீட்டில் இருந்தார். சாதகக் குறிப்பு பொருந்தியது. குறிப்போடு அவருடைய படமும் வந்தது. வீட்டாரோடு வந்து அக்காவைப் பார்த்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், போனார்கள். அடுத்த கிழமை மழைக்குள் அவர் தனியே வந்து, வேலிப் படலையில் நின்று தண்ணீர் கேட்டார். செம்பை வாங்கும்போது அக்காவிடம் சொன்னார்: “நான் வேறை இடம் பாக்கமாட்டன். நீங்கள் யோசியாதையுங்கோ.”

கொஞ்ச நாளில் சண்டை நெருங்க ஊரே எழுந்து நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் ஆளோடு ஆள் ஒட்டி நகர்ந்தபோதும், பிறகு தென்மராட்சியில் யாருடையதோ மாட்டுக்கொட்டிலில் படுத்த மாதங்களிலும், அக்காவின் பொதியில் இருந்த ஒரே பாரமில்லாத சாமான் அந்த வசனம்தான். திரும்பி வந்தோம். தரகரும் வந்தார். மாப்பிள்ளைக்கு வேறு இடம் சரிவந்துவிட்டது, குறிப்பையும் படத்தையும் திருப்பித் தரட்டாம் என்றார். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். சம்பந்தம் குழம்பினால் படம் திரும்பவேண்டும். குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில் பிற ஆண் ஒருவரின் படம் தங்கக்கூடாது. அப்பா குறிப்பைக் கொடுத்தார். படத்தைத் தேடிவிட்டு, இடப்பெயர்வில் தொலைந்துபோயிற்று என்றார். அந்த வசனத்தை இங்கே யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. கூரையும் கதவும் கிணற்றுக் கப்பியும் தொலைந்த இடத்தில் ஒரு படத்தை யார் தேடப்போகிறார்கள்?

இதையெல்லாம் அக்கா எனக்குச் சொன்னது பல வருஷங்களுக்குப் பிறகு, ஒரு பின்னேரம், மா அரித்துக்கொண்டு. எழுதட்டோ என்று கேட்டேன். எழுது, ஆனால் ஆரெண்டு தெரியக்கூடாது, முகம் வையாதை என்றாள். வைக்கவில்லை. நாலு பக்கம். என் முதல் புத்தகத்தில் அது வந்தது. என்னை ஓர் எழுத்தாளன் என்று யாராவது இன்று சொன்னால் அந்த நாலு பக்கத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

அந்தப் புத்தக வெளியீட்டில் முதற்பிரதி வாங்கியவரும் படலையில் நின்ற அந்த மனிதர்தான். இதைச் சொல்லாமல் விட முடியாது. அவர் அதற்குள் உடுவிலில் வீடு கட்டிக் குடிவந்திருந்தார். பாடசாலையில் பெயரெடுத்தவர், நல்ல பேச்சாளர். வாசகர் வட்டத்தார் அவரைத்தான் அழைத்தார்கள். வேண்டாம் என்றால் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால் முகம் வெளியே வந்துவிடும். பேசாமல் இருந்தேன். வாசலில் சந்தனத் தட்டோடு நின்றவள் அக்கா. அவர் இரண்டு விரலால் சந்தனம் தொட்டுக்கொண்டு உள்ளே போனார். அக்காவை ரீச்சர் என்று அழைப்பார், வழியில் கண்டால் சுகம் விசாரிப்பார். தெரிந்துகொண்டே தெரியாததுபோல நடக்கிறார், அது ஒருவகை மரியாதை என்று நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். நினைத்திருந்தோம் என்று நான் நினைத்திருந்தேன்.

என் நண்பன் ஒருவன் கலியாண வீடியோ எடுப்பவன். பள்ளிக்கூடக் காலத்து நட்பு. கலியாண வீடுகளில் பொடியள் றோன் கமரா பறக்கவிடத் தொடங்கியபிறகு இவனுக்குத் தொழில் குறைந்தது. போன வருஷம் ஒரு மென்பொருளைப் பிடித்துக்கொண்டான். எழுதிய கதையைக் கொடுத்தால் அது தானே காட்சி காட்சியாகப் பிரிக்கும், ஆட்களை வரையும், அவர்களை நடக்கவிடும், கதைக்க வைக்கும். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனத்துக்கு ஊர்க்கதைகளை உயிரோட்டமாகக் காட்டப் போகிறேன் என்று என்னிடம் வந்தான். முதலில் உன்ரை நாலு பக்கக் கதைதான், என்றான்.

சம்மதித்தேன். ஆசை இல்லாமல் இல்லை. என் வரிகள் எழுந்து நடப்பதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இராது? முதல் நாள் அவனுடைய ஸ்ரூடியோவில் இருந்து பார்த்தோம். கிடுகு வேலி என்று எழுதியிருந்தேன். முள்ளுக்கம்பியோடு மதில் வந்தது. படலை என்ற இடத்தில் அரண்மனை வாசல். பனைகளெல்லாம் தென்னைகளாகி, அவற்றுக்குக் கீழே வெள்ளைக்காரர் படுத்து வெயில் காய்ந்தார்கள். அக்கா மூக்குத்தியும் தலை நிறையப் பூவுமாக ஓடிவந்தாள். இரண்டாம் காட்சியில் வேலிக்குப் பின்னால் ஒரு யானை நின்றது.

“யானை எங்கையடா கதையிலை?”

“சிறீலங்கா எண்டு குடுத்தால் உது யானையைக் கேக்காமலே தருது மச்சான். கொழும்புத்துறைக்கு யானை வந்தால் நண்டுதான் கடிக்கும்.”

சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. பிறகு பல கிழமைகளாக ஒவ்வொன்றாகத் திருத்தினான். வேலி வேலியாயிற்று. யானை போயிற்று. நீரேரியின் சாம்பல் நிறம்கூட ஓரளவு வந்தது. அடங்காதது குடை மட்டும்தான். குடையைத் தாழ்த்திப் பிடித்து முகம் தெரியாமல் ஒருவர் வருகிறார் என்று எப்படி எழுதிக்கொடுத்தாலும் அது குடையை உயர்த்திவிடும். ஒரு காட்சியில் மீசைக்காரன், அடுத்ததில் தாடிக்காரன், அதற்கடுத்ததில் பதினெட்டு வயதுப் பையன். நண்பன் விளங்கப்படுத்தினான். ஒரு ஆளை ஒரே ஆளாகக் கடைசிவரை கொண்டுபோக வேண்டுமென்றால் அவருக்கென்று ஒரு படம் கொடுக்கவேண்டும்; அந்த முகத்தை அது பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு முகத்தைத் தன் பாட்டுக்குச் செய்யும்.

அப்படியென்றால் முதுகை மட்டும் காட்டு, என்றேன். முகம் வேண்டாம். அது அக்காவுக்கு நான் கொடுத்த வாக்கு. பார்ப்பம் என்றான். அந்த மனிதர் யாரென்று அவனுக்கு நான் சொல்லியிருக்கவில்லை.

படத்தை முதலில் வாசகர் வட்டத்தில் காட்டுவது என்று முடிவாயிற்று. பௌர்ணமிப் போயா விடுமுறைக் காலையில், வாசிகசாலையின் மேல்மாடி மண்டபத்தில். யன்னல்களுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். வட்டத்தின் போஷகர் என்ற முறையில் அவர் முன்வரிசையில் இருந்தார், இளைப்பாறிய பாடசாலை அதிபராக, மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட்டோடு. அக்காவும் வந்திருந்தாள். வட்டத்துக்கு அவள் வருவது குறைவு. எனக்காக வந்திருக்கிறாள் என்று என் நெஞ்சு கொஞ்சம் பொங்கியதை ஒளிக்கவில்லை.

மழை பெய்தது திரையில். சைக்கிள் வந்தது. முதுகு. ஈரச் சேட்டு. குடை. எல்லாம் நான் கேட்டபடி. படலையடியில் செம்பை வாங்கினார். அக்காவின் கைகள், அக்காவின் தாவணி முடிச்சு. சரி, முடிந்தது, தப்பிவிட்டோம் என்று நான் மூச்சு விடுகிற கணத்தில் அவர் குடையை மடக்கினார். மெல்லத் திரும்பினார்.

ஏறுநெற்றி. இடது புருவத்தின் நடுவில் மயிர் முளைக்காத வெட்டு. பேசத் தொடங்குமுன் கொஞ்சம் கோணுகிற உதடு. மேடையிலும் முன்வரிசையிலுமாக ஊர் இத்தனை வருஷம் பார்த்துப் பழகிய முகம், முப்பது வயது குறைந்து, மழைத்தண்ணி வழிய எங்களைப் பார்த்தது. “நான் வேற இடம் பாக்கமாட்டேன், நீங்க யோசிக்காதீங்க” என்றது, சென்னைத் தொலைக்காட்சிக்காரரின் குரலில்.

“உது எங்கடை அதிபரெல்லோ,” என்றாள் எனக்குப் பின்னால் இருந்த ஒருத்தி, பக்கத்திலிருந்தவளிடம். பிறகு அந்த வரிசை முழுக்க ஒரு சரசரப்பு. கதையிலுள்ள பெண் யாரென்று அவர்களுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நண்பனைத் தேடினேன். புறொஜெக்ரருக்குப் பக்கத்தில் நின்றான். என் கண்ணைச் சந்திக்காமல், எனக்கு மேலாக, வேறெங்கோ பார்த்தான். அவன் பார்த்த இடத்தில் அக்கா இருந்தாள். மடியில் கை கோத்து, நிமிர்ந்து. அவள் திரையைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்தவரின் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் வந்தது. தேத்தண்ணியும் வாய்ப்பனும் வந்தன. ஒருவரும் எங்களுக்குக் கிட்ட வரவில்லை, அவர் ஒருவரைத் தவிர. அவர் வாய் நிறையச் சிரிப்போடு வந்தார். நண்பனின் தோளில் தட்டினார்.

“தம்பி, உந்த முகம் என்ரை அல்லோ? எங்கையிருந்து எடுத்தனீர்? என்ரை மனுசியிட்டைக்கூட அந்த வயசுப் படம் ஒண்டும் இல்லை. என்னைக் கதாநாயகனாக்கிப் போட்டீர்.”

நண்பன் புறொஜெக்ரர் வயரைச் சுற்றத் தொடங்கினான். அவர் என்னிடம் திரும்பினார். புத்தகத்தில் வாசித்ததைவிட இது மனதில் நிற்கிறதாம். அந்த மழையாம், அந்தச் செம்பாம். “அந்த வசனந்தான் எழுத்து,” என்றார். “அப்பிடிச் சொல்லிப்போட்டு ஒருத்தன் வராமல் விட்டால் அவன் ஒரு மனுசனே?”

அவர் நடிக்கவில்லை. மேடையில் அவர் நடித்து நான் பார்த்திருக்கிறேன். கோணுகிற உதடு காட்டிக்கொடுத்துவிடும். அன்று அது கோணவில்லை. அந்த மழையும் படலையும் அவரிடத்தில் இல்லவே இல்லை. நாங்கள் மரியாதை என்று நினைத்திருந்தது வெறும் மறதி.

“படம் நான் குடுத்தது சேர்,” என்றாள் அக்கா.

“நீங்களோ ரீச்சர்? உங்களிட்டை எப்பிடி?”

“குறிப்போடை வந்தது. கொழும்புத்துறை வீட்டுக்கு. நீங்கள் ஆள் விட்டுத் திருப்பிக் கேட்டனீங்கள். அப்பா துலைஞ்சு போச்செண்டவர். துலையேல்லை.”

அவர் கொழும்புத்துறையோ என்றார். வகுப்பில் விடை வராத பிள்ளையைப்போல அதையே இன்னொருமுறை சொன்னார். தேத்தண்ணிக் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் யன்னற்கட்டில் வைத்தார். “அந்த நேரம் கன இடம் பேசினவை,” என்றார் கடைசியில், யாருக்கென்றில்லாமல். பிறகு வாசலில் குனிந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

நாங்கள் தோட்டங்களுக்குள்ளால் நடந்து வீட்டுக்கு வந்தோம். மத்தியான வெயில். செம்மண்ணில் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. எத்தனை கிழமை இதை வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்! பழைய படமெண்டாலும் உது எடுக்குமோ என்று ஒருநாள் சாதாரணமாகக் கேட்டாளே. கெட்டிக்காரி, எவ்வளவு அக்கறை என்றல்லவா நினைத்தேன். என் கதையின் நடுவில் அவளுக்காகவென்றே நான் வெறுமையாக விட்டு, இத்தனை வருஷம் காவல் காத்த இடம் அது. என் வீட்டிலிருந்தே ஒருத்தி போய்த் திறந்துவிட்டாள்.

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னால் விட்டிருப்பியோ?”

“முகம் வையாதை எண்டு நீதானே அக்கா சொன்னனி.”

“ஓம். சொன்னனான்.” வாய்க்காலைத் தாண்டி நடந்தாள். “நீ மறைச்சது அவரைத் தம்பி. என்னை எங்கை மறைச்சனி? தாடையிலை மச்சம், நான் யோசிக்கேக்கை முந்தானையைச் சுருட்டுறது, ஒண்டும் விடேல்லை. புத்தகம் வந்த கிழமையே பள்ளிக்கூடத்திலை எல்லாரும் என்னைப் பாத்தவை. சந்தையிலை மீன் விக்கிற மனுசி கேட்டவ, ரீச்சர், உங்களை ஏமாத்தினவன் ஆரெண்டு. இண்டைக்கு வரைக்கும் ஆரும் அவரைப் பாக்கேல்லை.”

“இவ்வளவு காலமும் இதைச் சொல்லாமல் வைச்சிருந்தனியே.”

“உன்ரை முதல் புத்தகமெல்லோ.”

அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு அது கன்னத்தில் விழுந்தது. ஒவ்வொரு பிரதியும் விற்றபோது, ஒவ்வொரு பாராட்டையும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்து சொன்னபோது, அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், வேறு முகத்தோடு. அவள் சொன்னதில் நியாயம் இருக்கலாம். வேறு யாராவது அந்த நியாயத்தை எடைபோடட்டும். என்னோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்தவள் என்னிடம் சொல்லாமல் பஸ் ஏறிப்போய், என் நண்பனின் கையில் அந்தப் படத்தைக் கொடுத்தாள். எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

வீட்டுப் படலையில் நின்று, கைப்பைக்குள் கதவுத் திறப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்: “அவருக்குத் தெரியுமோ எண்டு எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரியும், வெக்கத்திலை பேசாமல் இருக்கிறார் எண்டுதான் நான் இவ்வளவு காலமும்...” முடிக்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த நாள் நண்பனிடம் போனேன். திட்டினேன். அக்காதான் வந்தவ, உன்னட்டைச் சொல்லவேண்டாமெண்டவ, என்றான். அந்தப் படத்தைக் கொடுத்தவுடன் மென்பொருள் ஒருதரம்கூடப் பிழைவிடவில்லையாம். முதல் தடவையிலேயே மனிதர் திரும்பினாராம். அதை ஏதோ சாட்சிபோலச் சொன்னான். எவ்வளவு காலச் சிநேகிதம் என்று கேட்டேன்.

“அவவின்ரை கதை மச்சான்,” என்றான்.

அந்த நாலு பக்கத்தில் எத்தனை இரவுகள் என்னுடையவை என்று அவனுக்குத் தெரியாது. மழையை ஏழு விதமாக எழுதி ஆறை அழித்தவன் நான். குடை என்னுடையது. எழுந்து வந்துவிட்டேன்.

மண்டபத்தில் காட்டிய படத்தை அவன் அதற்குள் இணையத்தில் ஏற்றியிருந்தான். ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் அவருடைய பழைய மாணவர்கள் முகத்தை அடையாளம் கண்டு எழுதத் தொடங்கியிருந்தார்கள். நாலைந்து நாளில் வாசகர் வட்டச் செயலாளர் வந்தார். அதிபர் அனுப்பியிருந்தார். அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்களாம்; படத்தை எடுத்துவிடமுடியுமோ என்று கேட்டாராம். நான் நண்பனுக்குப் போன் எடுத்தேன். அக்காட்டைக் கேட்டுச் சொல்லு என்றான். என் கதை, என்னிடம் அவன் அப்படிச் சொன்னான். நான் போய்க் கேட்டேன்.

அக்கா முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எடுக்கச் சொல்லு. அந்தப் பிள்ளை என்ன செய்தது.”

எடுத்துவிட்டான். ஊர் கொஞ்ச நாளில் வேறு கதைக்குப் போய்விட்டது. அதிபர் வட்டத்துக்கு வருவதில்லை. வழியில் கண்டால் அவர்தான் முதலில் மற்றப்பக்கம் திரும்புகிறார். அக்கா முன்னையைவிட நன்றாக இருக்கிறாள் என்றுதான் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்ன பகிடியை எனக்குச் சொல்லிச் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். புத்தகத்தை எடுத்து அந்த நாலு பக்கத்தை வாசிக்கத்தான் முடியவில்லை. இரண்டாம் பக்கத்திலேயே அவர் குடையை மடக்கிவிடுகிறார்.

நேற்று மேசைக்குக் கிட்ட வந்து நின்றாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். வழக்கமாக அந்தக் கேள்விக்கு நான் தாளைத் தள்ளி வைப்பேன், அவள் நின்றபடியே வாசிப்பாள். நேற்று என் கை தானாக எழுந்து வரிகளின் மேல் படிந்துகொண்டது.

“ஒண்டுமில்லை,” என்றேன்.

கையைப் பார்த்தாள். பிறகு குசினிக்குப் போய்விட்டாள். இதை அவள் அச்சில்தான் வாசிப்பாள், மற்ற எல்லாரையும்போல.